பத்தடி உயரத்தில் ஒரு வளையம்

சென்ற பொங்கல் விழா முடிந்து, சாப்பாட்டு இலைகளை எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், நம் சங்க உறுப்பினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துப் போனார். அவருடைய மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக் கூடைப்பந்து அணியில் அவளைச் சேர்த்திருக்கிறார்கள். பயிற்சியாளர் காலையும் மாலையும் வரச் சொல்கிறாராம்.

“சார், நீங்க ரயில்வேல இருந்தவர். இந்த ஆட்டத்துல பைத்தியம்னு எல்லாரும் சொல்றாங்க. ஒன்பதாவது வரைக்கும் ஆடட்டும், பத்தாவதுல நிறுத்திடலாம்னு நினைக்கிறேன். சரிதானே?” என்று கேட்டார்.

“சரி” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பார். என்னால் சொல்ல முடியவில்லை. “தவறு” என்று சொல்லவும் நா எழவில்லை. “எழுதித் தருகிறேன்” என்று மட்டும் சொல்லி வைத்தேன். மும்பையில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் மற்ற பெற்றோருக்கும் பயன்படலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

தென்கரையில் பார்த்த வெளிச்சம்

நான் பிறந்தது 1959-ல், பெரியகுளம் பக்கத்தில் ஒரு கிராமத்தில். மாமா வீடு பெரியகுளம் தென்கரையில் இருந்தது. கோடை விடுமுறைக்கு அங்கே போய்விடுவோம். பகலில் வராக நதியும் மாம்பழமும், இரவில் கூடைப்பந்து. அந்த ஊரில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற சங்கம் மே மாதத்தில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடத்தி வருகிறது. அறுபது போட்டிகளைத் தாண்டி இன்றும் நடக்கிறது. பெரிய நகரங்களில்கூட இத்தனை நீண்ட காலம் விடாமல் நடந்த போட்டிகள் குறைவு.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது மாமா என்னை முதன்முதலாக அழைத்துப்போனார். இரவுச் சாப்பாடு முடித்து ஊரே அங்கே வந்திருந்தது. எங்கள் கிராமத்தில் மின்விளக்கு இருந்த வீடுகள் சில. இங்கே ஆடுகளம் முழுதும் பகல்போல வெளிச்சம். அதில் ஆறடிக்கு மேல் உயரமான மனிதர்கள் ஓடினார்கள். பட்டாள அணி, ரயில்வே அணி, வங்கி அணி என்று மாமா சொல்லிக்கொண்டு வந்தார்.

“இவங்களுக்கு வேலை என்ன மாமா?” என்று கேட்டேன்.

“இதாண்டா வேலை. ரயில்வேல உத்தியோகம். நல்லா ஆடுனதால கொடுத்த உத்தியோகம்” என்றார்.

விளையாடினால் அடி விழும் வீட்டில் பிறந்தவன் நான். விளையாடியதற்காக ஒருவனுக்கு உத்தியோகம் கொடுப்பார்கள் என்ற செய்தி அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

கூடை வந்த கதை

இந்த ஆட்டத்தின் பிறப்பு பலருக்கும் தெரியாது. கிரிக்கெட், கால்பந்து போலப் பல காலம் ஊர் ஊராக வளர்ந்த ஆட்டமல்ல இது. ஒரு வாத்தியார் தேவைக்காக உட்கார்ந்து யோசித்துச் செய்தது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. 1891 டிசம்பர். வெளியே குளிர், உள்ளே அடங்காத மாணவர்கள். கனடாவில் பிறந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் 13 விதிகளை எழுதி, பீச் பழக் கூடைகள் இரண்டைக் கூடத்தின் மேல்மாடக் கைப்பிடிச் சட்டத்தில் அடித்து வைத்தார். பக்கத்துக்கு ஒன்பது பேர் ஆடினார்கள். கால்பந்தையே எறிந்தார்கள்.

அந்தச் சட்டம் தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருந்தது. எட்டடியில் இருந்திருந்தால் ஆட்டம் வேறாகியிருக்கும். தற்செயலாக அமைந்த அந்த அளவு 130 ஆண்டுகளுக்குப் பிறகும் மாறவில்லை, இன்று 3.05 மீட்டர் என்று எழுதுகிறோம், அவ்வளவுதான். ரயில்வேயில் வேலை பார்த்தவனுக்கு இது வியப்பாகத் தெரியவில்லை. யாரோ எப்போதோ வைத்த அகலத்தில்தானே தண்டவாளமும் கிடக்கிறது!

ஒய்.எம்.சி.ஏ. போன இடமெல்லாம் இந்த ஆட்டமும் போனது. சென்னையில் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே படித்த உடற்கல்வி ஆசிரியர்கள் நாடெங்கும் பள்ளிகளுக்குப் போனார்கள். இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 1950-ல் அமைந்தது. நெய்ஸ்மித் அதைக் காண உயிரோடு இல்லை. ஆனால் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் தன் ஆட்டம் சேர்க்கப்பட்டதை நேரில் கண்ட பிறகே 1939-ல் மறைந்தார்.

கணக்கில் ஒரு பாடம்

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து 1975-ல் மதுரையில் ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ சேர்ந்தேன். என் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். அணியில் பன்னிரண்டாவது ஆள். எங்கள் உடற்கல்வி ஆசிரியர் எனக்கு அதிகம் ஆட வாய்ப்புத் தரவில்லை. ஆனால் ஒரு கணக்குச் சொல்லித் தந்தார். அதை இன்றும் சிறுவர்களுக்குச் சொல்கிறேன்.

வளையத்தின் உள்விட்டம் 45 சென்டிமீட்டர். பந்தின் விட்டம் சுமார் 24. நேர்மேலிருந்து விழும் பந்துக்கு 45 சென்டிமீட்டரும் திறந்த வாசல். சாய்ந்து வரும் பந்துக்கு வாசல் சுருங்கும். எவ்வளவு என்றால், 45-ஐ அந்தக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்க வேண்டும். 45 பாகையில் வந்தால் வாசல் சுமார் 32 சென்டிமீட்டர்; பந்து தாராளமாக நுழையும். 30 பாகையில் வந்தால் இருபத்திரண்டரைதான். பந்தே அதைவிடப் பெரிது, வளையத்தில் இடிக்காமல் நுழைய வழியே இல்லை. “நேரா எறியாதே, மேலே தூக்கிப் போடு” என்று பயிற்சியாளர்கள் கத்துவதன் காரணம் இவ்வளவுதான். குள்ளமானவனும் வளைத்துப் போட்டால் நெட்டையனுக்குச் சமம்.

மூன்று ஆண்டில் நான் போட்ட புள்ளிகளை விரல்விட்டு எண்ணலாம். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்தே ஸ்கோர் ஷீட் எழுதக் கற்றுக்கொண்டேன். யார் போட்டது, எத்தனை புள்ளி, யாருக்கு எத்தனையாவது ஃபவுல் என்று தப்பில்லாமல் எழுத வேண்டும். ஐந்தாவது ஃபவுலில் ஆட்டக்காரர் வெளியேற வேண்டும். அதை நான்காவது என்று எழுதிவிட்டால் சண்டைதான். ஆடத் தெரியாதவனுக்கும் ஆடுகளத்தின் ஓரத்தில் ஒரு நாற்காலி உண்டு என்று அப்போது தெரிந்தது. அந்த நாற்காலிதான் மும்பையில் எனக்குச் சோறு போடாவிட்டாலும் ஊர் போட்டது.

மாட்டுங்காவும் நாக்பாடாவும்

1980-ல் மத்திய ரயில்வேயில் அப்ரண்டிஸ் மெக்கானிக் வேலை. மாட்டுங்கா பெட்டிப் பணிமனை. சயானில் ஒரு அறையில் நான்கு பேர். இந்தி வராது, மராத்தி வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வதென்றே தெரியாது. ஒருநாள் மாட்டுங்காத் தெருக்களில் சும்மா நடந்துகொண்டிருந்தபோது, சிமெண்ட் தரையில் பந்து தட்டும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு மொழி வேண்டாம். சத்தம் வந்த வழியே போனேன். இந்தியன் ஜிம்கானா ஆடுகளம்.

வேலி ஓரமாகப் பல வாரங்கள் நின்று பார்த்தேன். ஒருநாள் ஸ்கோர் எழுதுபவர் வரவில்லை. “அண்ணா, லிக்னா ஆத்தா ஹை க்யா?” என்று ஒருவர் கேட்டார். எழுதத் தெரியுமா என்கிறார் என்பது மட்டும் புரிந்தது. தலையாட்டினேன். அன்று உட்கார்ந்தவன், பணி ஓய்வு பெற்ற 2019 வரை, இடமாற்றம் போன சில ஆண்டுகள் நீங்கலாக, ஏதாவது ஒரு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். என் இந்தி ஆடுகளத்தில் கற்ற இந்தி. பணிமனையில் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

மாட்டுங்காவைவிட்டு வெளியே போகப் பழகியபின் நாக்பாடாவுக்குப் போனேன். மும்பை சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அருகில், நெருக்கமான சந்துகள் கொண்ட பேட்டை. அங்கே கிரிக்கெட்டைவிடக் கூடைப்பந்துக்குத்தான் மதிப்பு. அமெரிக்கப் பாதிரிமார் அமைத்த நெய்பர்ஹுட் ஹவுஸ் என்ற சமூகக் கூடம் அங்கே இருக்கிறது. இன்றைய டாடா சமூக அறிவியல் கழகம் 1936-ல் தொடங்கியதும் அந்த இடத்தில்தான். மாடிக் குடியிருப்பில் ஒரே அறையில் எட்டுப் பேர் வாழும் வீட்டுப் பிள்ளைகள் இரவு பத்து மணிக்கும் பந்தோடு நிற்பார்கள். வீட்டில் இடமில்லாததே காரணம் என்று ஒரு பெரியவர் சொன்னார். இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய குலாம் அப்பாஸ் முன்தசிர் இந்தப் பேட்டைக்காரர்தான். 1970-ல் அர்ஜுனா விருது பெற்றவர். மேற்கு ரயில்வேக்கு ஆடியவர்.

நான் மும்பைக்கு வந்த அதே 1980-ல்தான் இந்திய ஆண்கள் அணி மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஆடியது. பல நாடுகள் புறக்கணித்ததால் கிடைத்த இடம். ஆடிய எல்லா ஆட்டங்களிலும் தோற்று, 12 அணிகளில் 12-வதாக வந்தோம். பணிமனையில் கேலி செய்தார்கள். ஆனால் அதன்பிறகு இன்றுவரை ஒலிம்பிக் கூடைப்பந்தில் இந்தியா இடம்பெறவில்லை. கடைசியாக வந்தாலும் போய் வந்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

அமெச்சூர் என்றால் என்ன?

காசு வாங்காமல் ஆடுபவன் அமெச்சூர் என்பது பழைய இலக்கணம். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து இதற்கு நல்ல உதாரணம். மார்ச் மாதம் அங்கே 68 கல்லூரிகள் மோதும். ஒருமுறை தோற்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அரங்கம் நிறையும், தொலைக்காட்சிக்குக் கோடிகள் கைமாறும். ஆனால் ஆடும் மாணவனுக்குப் படிப்புச் செலவு தவிர ஒன்றும் தரக்கூடாது என்றிருந்தது. தன் பெயரையும் முகத்தையும் வைத்து அவன் விளம்பரத்தில் சம்பாதிக்க 2021 ஜூலையில்தான் அனுமதி வந்தது.

நம் நாட்டில் கதை வேறு. அரங்கமும் நிறையாது, தொலைக்காட்சியும் வராது. ஆனால் உத்தியோகம் வரும். ரயில்வே விளையாட்டு ஊக்குவிப்பு வாரியம் 1928-லேயே அமைந்தது. தேசியப் போட்டியில் தமிழ்நாடு, மகாராஷ்டிரம் போல ரயில்வேயும் தனி அணி. ராணுவமும் தனி அணி. சென்னையில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் அணியைக் கூடைப்பந்து பார்ப்பவர்கள் அனைவரும் அறிவார்கள். பெண்கள் பிரிவில் ரயில்வே அணி பல ஆண்டுகளாகத் தேசியப் பட்டங்களைக் குவித்திருக்கிறது. காரணம் எளிது. பள்ளி, கல்லூரி முடித்த பெண், வேலைக்கும் போய் ஆட்டத்தையும் தொடர இடம் கொடுத்த நிறுவனங்கள் சிலவே. அவற்றில் பெரியது ரயில்வே.

அந்த இடத்துக்குப் போகும் படிகளைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வழி பள்ளி விளையாட்டு: 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் பிரிவுகள். மற்றொரு வழி மாவட்டச் சங்கம், மாநிலச் சங்கம் வழியாகத் தேசியப் போட்டி. மூன்றாவது கல்லூரி: கல்லூரி அணியிலிருந்து பல்கலைக்கழக அணி, அங்கிருந்து மண்டலப் போட்டி, பிறகு அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கேட்கும்போது பார்ப்பது இந்த அங்கீகாரம் பெற்ற போட்டிகளின் சான்றிதழ்களைத்தான். ஊர்க் கோப்பைகள் அலமாரிக்கு அழகு, விண்ணப்பத்துக்கு உதவாது. நல்ல ஆட்டக்காரர்கள் சிலர் சான்றிதழைத் தொலைத்துவிட்டு அலைந்ததை நான் கண்டிருக்கிறேன்.

என் வீட்டில் நடந்தது

இதையெல்லாம் தெரிந்த நான் என் மகளுக்கு என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பாதிப் பொய்.

என் மகள் பிறந்தது 1985-ல். ஏழு வயதிலேயே என்னோடு மேசையருகே உட்கார்ந்து புள்ளிகளை எண்ணுவாள். பள்ளி அணியில் ‘கார்டு’ ஆடினாள். அதாவது பந்தைக் கொண்டுபோய் மற்றவர்களுக்குப் பங்கிடுபவள். என்னைவிட உயரம், என்னைவிட வேகம். 2000-ல், அவள் ஒன்பதாவது முடித்தபோது, மாவட்டத் தேர்வுக்கு வரச் சொன்னார்கள். அந்த ஆண்டு ஆட்டத்தின் விதிகளும் மாறிக்கொண்டிருந்தன. 20 நிமிடப் பாதிகள் இரண்டு என்பது 10 நிமிடக் கால்பகுதிகள் நான்கு என்றாயிற்று. பந்து கைக்கு வந்தால் 30 நொடிக்குள் எறியவேண்டும் என்பது 24 நொடியாயிற்று. புது விதிகளை அவளுக்கு நானே படித்துச் சொன்னேன். பிறகு நானே, “பத்தாவது வருடம். ஒரு வருடம் மட்டும் நிறுத்திவை. அப்புறம் ஆடலாம்” என்றேன்.

அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. ஷூவைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். பத்தாவதில் நல்ல மதிப்பெண். பதினொன்றாவதில் மறுபடி போனபோது அவள் இடத்தில் வேறொரு பெண் ஆடிக்கொண்டிருந்தாள். அதுவும் நியாயம்தான். பதினைந்து வயதில் ஓராண்டு என்பது நம் வயதில் ஓராண்டு அல்ல என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அவள் படித்தாள், நல்ல வேலையில் இருக்கிறாள், புனேயில் குடும்பம். ஒரு குறையும் இல்லை.

2021 ஜனவரியில் பத்ம விருதுகள் அறிவித்தார்கள். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரைக்குப் பத்மஸ்ரீ. இந்தியப் பெண்கள் அணியில் 18 ஆண்டுகள் ஆடியவர், அணித்தலைவியாக இருந்தவர், தெற்கு ரயில்வேயில் பணிபுரிந்தவர். என் மகளின் வயதுதான் ஏறக்குறைய. மகள் போன் செய்தாள். “அப்பா, பேப்பர் பார்த்தீங்களா?” என்றாள். “பார்த்தேம்மா” என்றேன். “நல்லா இருக்குல்ல” என்றாள். பிறகு மழை, பேரனின் பள்ளி என்று பேச்சு மாறிவிட்டது.

அவள் ஆடியிருந்தால் இந்திய அணிக்குப் போயிருப்பாள் என்று நான் சொல்ல வரவில்லை. ஓர் அணியில் பன்னிரண்டு பேர், களத்தில் ஐவர். மாநிலம் முழுதும் ஆடும் பெண்களில் வேலை கிடைப்பது மிகச் சிலருக்கே. என் கணக்கு பண விஷயத்தில் தப்பில்லை. அவள் எதுவரை போயிருப்பாள் என்பதை அவளே கண்டுபிடிக்க விடாமல் நான் முடிவுசெய்தேன் அல்லவா, அதுதான் தப்பு.

நண்பருக்குப் பதில்

ஆகவே நண்பரே, என் பதில் இது. பத்தாவதில் நிறுத்தாதீர்கள், குறையுங்கள். இருவேளைப் பயிற்சியை ஒருவேளையாக்கக் கேளுங்கள். நல்ல பயிற்சியாளர் ஒப்புக்கொள்வார். தேர்வுக்கு முந்திய இரண்டு மாதம் வாரம் இரண்டு நாள் போனாலும் கை மறக்காது, அணியில் இடமும் போகாது. வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் படிப்பை விடாதீர்கள். அதுவும் நான் பார்த்த துயரம்தான். முழங்காலில் ஒரு அடி பட்டால் எல்லாம் முடிந்துபோனவர்கள் உண்டு. சான்றிதழ்களைப் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருநாள் போய் அவள் ஆடுவதைப் பாருங்கள். பெற்றோர்களில் பலர் மகள் ஆடுவதைப் பார்க்காமலேயே நிறுத்துகிறார்கள்.

பொங்கலுக்கு அடுத்த மாதம் புனே போயிருந்தேன். மகளின் குடியிருப்பில் கார் நிறுத்துமிடத்துக்கு அருகே ஒரு வளையம் மாட்டியிருக்கிறார்கள். மாலையில் பேரனோடு அவளும் பந்து போடுகிறாள். “அப்பா, இதோட உயரத்துல எனக்குச் சந்தேகமா இருக்கு. நான் போட்டா எல்லாம் உள்ள போகுது” என்றாள். பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தேன். ரயில்வேக்காரன் அது இல்லாமல் பயணம் போவதில்லை. ஸ்டூல் மேல் ஏறி அளந்தேன். 2.90 மீட்டர். பதினைந்து சென்டிமீட்டர் குறைவு.

குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் பேசி, வெல்டிங்காரரை வரவழைத்து, மறுநாளே ஏற்றிவிட்டோம். அதன்பிறகு மகள் எறிந்த முதல் மூன்று பந்துகள் உள்ளே போகவில்லை. நான்காவதை மேலே தூக்கிப் போட்டாள்.